மூன்று மாத விடுப்பும் ஒரு பிரௌனிங்கும்

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் இந்தியர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமானால் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் உரிமம் பெற்றாக வேண்டும். 1911 ஜூன் மாதத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ். அம்மாதம் 17ஆம் தேதி காலை மணியாச்சி ரயில் நிலையத்தில், உரிமம் எதுவும் இல்லாத ஒரு பெல்ஜியக் கைத்துப்பாக்கியால் அவரே சுடப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சி, இயற்பெயர் சங்கரன், வயது 25, திருவிதாங்கூர் சமஸ்தான வனத்துறையில், புனலூரில் வேலை பார்த்தவர்.

இந்தக் கொலை குறித்துத் தமிழில் குறைவாக எழுதப்படவில்லை. ரகமி வாஞ்சியின் வாழ்க்கையை எழுதினார். தூத்துக்குடி ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘ஆஷ் கொலையும் இந்தியப் புரட்சி இயக்கமும்’ என்ற நூலைத் தந்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ வழியாக, சுடப்பட்டவரின் பக்கத்தையும் தேடிப் போனார். ஆனால் பொதுமேடைகளில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் நோக்கத்தைச் சுற்றியே வருகிறது: வாஞ்சியைச் சுடத் தூண்டியது தேசபக்தியா, வருணாசிரமப் பற்றா? அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் இரண்டுக்கும் இடம் கொடுப்பதால் அந்த வழக்கு தீரவில்லை.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. காடு, கச்சேரி, சம்பளம் என்று இருந்த ஓர் இளம் அரசு ஊழியரின் கைக்கு ஐரோப்பியக் கைத்துப்பாக்கி எந்த வழியாக வந்தது? அதைச் சுட அவர் எங்கே பழகினார்? இந்த வழியைத் தொடர்ந்து போனால் ஒன்று தெளிவாகும். துப்பாக்கி அன்று அப்படியொன்றும் கிடைக்காத பொருளல்ல. கிடைக்காமல் இருந்தவை பழகுவதற்கு ஓர் இடம், கற்றுத்தர ஓர் ஆள், அதற்கான நாட்கள் ஆகியவைதாம். ஆயுதச் சட்டம் பொருளுக்குக் காவல் இருந்தது. பழக்கத்துக்குக் காவல் இருக்க அதற்குத் தெரியவில்லை.

தருவைகுளத்துக்கு மேற்கே

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கிறது தருவைகுளம். கடலுக்கு முதுகைக் காட்டி நேர் மேற்கே நடந்தால் இந்த வரலாற்றின் ஊர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன. முதலில் ஒட்டப்பிடாரமும் அதையொட்டிப் பாஞ்சாலங்குறிச்சியும்; அதற்கப்பால் கரிசல் காட்டுக்கு நடுவே மணியாச்சி. ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்ற வழக்கு இந்த மண்ணுக்கு 1878இல் வந்ததல்ல. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டினார்; அதுவும் அதே ஆண்டு மே மாதம் வீழ்ந்தது. 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையக்காரர்களும் அவர்களது ஆட்களும் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்றது. இந்தியா முழுமைக்குமான ஆயுதச் சட்டத்துக்கு 77 ஆண்டுகள் முன்பே இந்தச் சீமையின் கைகள் வெறுங்கைகளாக்கப்பட்டுவிட்டன.

அடுத்த பெரிய மோதல் கடலில் நடந்தது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு எதிராகக் ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்கள் ஓடின. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது; மறுநாள் திருநெல்வேலியில் கலவரமும் துப்பாக்கிச்சூடும். அந்த நாட்களில் தூத்துக்குடியில் ஜாயின்ட் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் ஆஷ். ஜூலையில் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. மூன்றே ஆண்டில் ஆஷ் அதே மாவட்டத்தின் கலெக்டராகி வந்தபோது, ஊர் அவரை மறந்திருக்கவில்லை.

உரிமம் யாருக்கு?

லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியை எல்லாருக்கும் ஒன்றுபோலத் தடை செய்யவில்லை. அதன் விதிகளின் கீழ் ஐரோப்பியர்களுக்கும் யுரேஷியர்களுக்கும் விலக்கு இருந்தது. பட்டம் பெற்றவர்கள், பெரிய ஜமீன்தார்கள் போன்ற சில இந்தியர்களுக்கும் தயவாகக் கிடைத்தது. மற்றவர்கள் மனுப் போட வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். ஆகவே அந்தச் சட்டம் எந்தத் துப்பாக்கி என்று கேட்பதற்கு முன் யார் நீ என்று கேட்டது.

படித்த இந்தியர்களை உறுத்தியதும் இதுதான். 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸின் மூன்றாவது மாநாடே ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. மிதவாதிகள் மிகுந்திருந்த அவையில்கூட அந்தக் கோரிக்கை எழுந்ததற்கு வேட்டை ஆசை காரணமல்ல. ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் அமர்ந்த இருவரில் ஒருவர் கேள்வியின்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், மற்றவர் கைகட்டி மனு எழுத வேண்டும் என்ற ஏற்பாடு, நம்பத் தகாதவர் என்று ஓர் இனத்தின் நெற்றியில் எழுதி ஒட்டியதற்குச் சமமாக இருந்தது.

பத்து ஷில்லிங் லைசென்ஸ்

இதே பேரரசின் தலைநகரில் கதை தலைகீழ். பிரிட்டனில் 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ஷில்லிங் கட்டினால் தபால் நிலையத்திலேயே துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்கும். 1903இல் வந்த பிஸ்டல் சட்டம், வாங்குபவர் அந்த லைசென்ஸைக் காட்ட வேண்டும், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்பது போன்ற சில நிபந்தனைகளை மட்டுமே சேர்த்தது. தோலின் நிறம் அதில் வரவில்லை. அமிர்தசரஸில் கைத்துப்பாக்கி வாங்க முடியாத இளைஞன், லண்டனில் பெரிய கடைக்குள் நுழைந்து வாங்கிக்கொண்டு வெளியே வரலாம்.

அப்படித்தான் வாங்கினார் மதன்லால் திங்க்ரா. 1909 ஜனவரி 26இல் ஹோல்பர்னில் இருந்த கேமஜ் கடையில் ஒரு கோல்ட் தானியங்கிப் பிஸ்டலுக்கு அவர் கொடுத்த விலை 3 பவுன் 5 ஷில்லிங் என்று பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் ஏறக்குறைய 49 ரூபாய். இந்தியாவில் ஒரு சிறு அரசு ஊழியருக்கு இது ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிய தொகைதான். ஆனாலும் நகையை அடகு வைத்தாவது திரட்டக்கூடிய தொகை.

வாங்கியதைவிட முக்கியம், வாங்கிய பிறகு அவர் செய்தது. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு 92ஆம் எண்ணில் ஹென்றி ஸ்டான்டன் மார்லி என்பவர் காசுக்குச் சுடப் பழகும் தளம் ஒன்று நடத்தினார். திங்க்ரா சுமார் மூன்று மாதம், வாரத்தில் இரண்டு மூன்று முறை, அங்கே போய்ப் பழகியதாக மார்லி சாட்சி சொன்னார். 1909 ஜூலை 1ஆம் தேதி மாலையும் போனார். 18 அடி தூரத்தில் பன்னிரண்டு தோட்டாக்கள் சுட்டு, பதினொன்றைக் குறியில் சேர்த்தார். அன்றிரவு இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். குறுக்கே வந்த பார்சி மருத்துவர் லால்காகாவும் இறந்தார்.

லண்டனில் இந்திய மாணவர்கள் தங்கிய ‘இந்தியா ஹவுஸ்’ விடுதியின் இளைஞர்கள் அங்கே சுடப் பழகினார்கள் என்பதை, புரட்சிச் சதிகளை ஆராய அரசு அமைத்த ரௌலட் கமிட்டியின் 1918ஆம் ஆண்டு அறிக்கையும் பதிவு செய்கிறது. அந்த வட்டத்தில் சாவர்க்கருக்கு மிக நெருக்கமாக இருந்தவர்களில் ஒருவர் திருச்சி வரகனேரி வெங்கடேச சுப்பிரமணிய ஐயர். பாரிஸ்டர் படிக்க 1907இல் போனவர், நமக்கு வ.வே.சு. ஐயர். திங்க்ரா பழகிய அந்த முறை அவர் வழியாகத் தமிழ் மண்ணுக்கு வந்தது என்பதே என் வாசிப்பு.

ஹெர்ஸ்டால் சரக்கு

மணியாச்சியில் கிடைத்த ஆயுதம் பெல்ஜியத்தின் லியேஜ் நகரையொட்டிய ஹெர்ஸ்டாலில் ஃபாப்ரிக் நசியோனால் ஆலை செய்த பிரௌனிங். அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, அந்த ஆலை 1900 முதல் சந்தைக்குக் கொண்டுவந்த வகைத் துப்பாக்கிகள் கைத்துப்பாக்கி உலகையே மாற்றிவிட்டன. அதற்கு முன் பரவலாக இருந்த ரிவால்வருக்கு நடுவில் உருளை புடைத்துக்கொண்டு நிற்கும். பிரௌனிங் தட்டையானது, கோட்டுப் பைக்குள் வெளியே தெரியாமல் அடங்கும். முதல் மாதிரியின் நீளம் 17 சென்டிமீட்டர் அளவு. கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் 7.65 மில்லிமீட்டர் தோட்டாக்கள் ஏழு. ஒன்று வெடித்ததும் அதன் உதைப்பு விசையே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிவிடும். உதைப்பு குறைவு; அதனால் புதிதாகப் பழகுபவனின் கையும் அதிகம் தூக்கிப்போடாது. முதல் மாதிரி மட்டும் 1900க்குப் பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் லட்சக்கணக்கில் விற்றது.

யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலை, யார் மீது வேண்டுமானாலும் அது திரும்பலாம் என்பதையும் கொண்டுவந்தது. 1909 அக்டோபர் 26இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் கொரியரான ஆன் ஜங் குன் ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டது பிரௌனிங்கால்தான். அதற்கும் முன்பு, 1904 ஜூன் 16இல், ஹெல்சின்கியில் செனட் கட்டடத்துக்குள் ரஷ்ய ஆளுநர் பாப்ரிகோவைச் சுட்டவர் யூஜன் ஷௌமான். வயது 29, செனட்டில் எழுத்தர் வேலை, மாணவர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கிவிட்டவர். சுட்ட கையோடு அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். ரஷ்யச் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதம் பையில் இருந்தது. பாப்ரிகோவ் ஜூன் 17இல் இறந்தார். ஏழு ஆண்டு கழித்து அதே தேதியில் மணியாச்சி நிகழ்ந்தது தற்செயல். மற்ற ஒற்றுமைகள் தற்செயல் அல்ல. இரண்டு இடத்திலும் அந்நிய ஆட்சி, சம்பளம் வாங்கும் இளம் ஊழியன், பைக்குள் அடங்கும் பெல்ஜியத் துப்பாக்கி, உலகுக்கு விட்டுப்போன ஒரு கடிதம். ராணுவம் இல்லாத இனங்களில், ஆட்சியின் நடைமுறையை உள்ளிருந்து பார்த்த கீழ்நிலை ஊழியருக்கு, அதிகாரம் எந்த ரயிலில் எத்தனை மணிக்கு வரும் என்பது தெரிந்திருந்தது.

இந்தியாவுக்குள் இவை வந்த வழிகளில் ஒன்று வழக்கு ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது. 1909 பிப்ரவரியில், இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன், பெட்டியின் இரட்டை அடித்தட்டுக்குள் 20 பிரௌனிங் பிஸ்டல்களைத் தோட்டாக்களோடு மறைத்துப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று 1909 டிசம்பர் 21இல் நாசிக் நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. வாஞ்சியின் துப்பாக்கி பாரிஸிலிருந்து, அங்கே இருந்த இந்தியப் புரட்சியாளர் மேடம் காமாவின் வட்டத்தின் உதவியோடு புதுச்சேரிக்கு வந்தது என்பது பரவலாக வழங்கும் செய்தி.

விடுப்பு மனு

லண்டனில் சாவர்க்கர் 1910 மார்ச்சில் கைதானபின் மாறுவேடத்தில் தப்பிய வ.வே.சு. ஐயர், அந்த ஆண்டு முடிவதற்குள் புதுச்சேரி சேர்ந்துவிட்டார். பாரதியும் அரவிந்தரும் ஏற்கெனவே அங்கே இருந்தனர். பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர். பிரிட்டிஷ் போலீஸ் வேவு பார்க்கலாம், கைது செய்ய முடியாது.

வாஞ்சியின் பக்கத்தில் நடந்தவற்றை ரௌலட் அறிக்கை சுருக்கமாகச் சொல்கிறது. 1910இல் நீலகண்ட பிரம்மச்சாரியும் சங்கர கிருஷ்ணனும் தென் மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய்ப் புரட்சி இயக்கத்துக்கு ஆள் சேர்த்தனர். தன் மைத்துனர் வாஞ்சியை நீலகண்டருக்கு அறிமுகம் செய்துவைத்தவர் சங்கர கிருஷ்ணன். 1911 ஜனவரியில் வாஞ்சி வனத்துறையில் மூன்று மாத விடுப்புப் பெற்றுப் புதுச்சேரிக்குப் போய் ஐயரைச் சந்தித்தார். அங்கே ரிவால்வர் பயிற்சி நடந்தது என்று அறிக்கை சொல்கிறது.

இந்த விடுப்பு எனக்கு இந்த வரலாற்றின் மையமாகத் தோன்றுகிறது. துப்பாக்கிப் பழக்கத்துக்கு என்ன தேவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெடிச்சத்தம் கேட்டால் யாரும் ஓடி வராத இடம் தேவை. பிரிட்டிஷ் இந்தியாவில் அது அரிது. ஊர்த் தலையாரிவரை கண்ணும் காதும் இருந்தன. வீணாக்கத் தோட்டா தேவை. தோட்டாவுக்கும் உரிமம் வேண்டியிருந்ததால், மேகசின் நிறைய வைத்திருப்பவன்கூடப் பழகுவதற்குச் செலவழிக்கத் தயங்குவான். மணிக்கட்டைத் திருத்திச் சொல்ல ஓர் ஆசான் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைக்கு வராமலிருப்பதை யாரும் சந்தேகிக்காத நாட்கள் தேவை. கூலியாளுக்கும் விவசாயிக்கும் மூன்று மாதம் தொழிலை விட்டுப் போவது பட்டினி. அரசு ஊழியருக்கோ மனு எழுதினால் மேலதிகாரியின் கையெழுத்தோடு கிடைக்கும். திரும்பி வந்தால் வேலையும் இருக்கும். திங்க்ரா டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் கட்டணம் கட்டி வாங்கிய மூன்று மாதத்தை, வாஞ்சிக்கு ஒரு சமஸ்தானத்தின் பணிவிதி கொடுத்தது.

இன்னொரு வசதியும் இருந்தது. வாஞ்சியின் நடமாட்டம் மூன்று ஆட்சி எல்லைகளைத் தொட்டது. புனலூரும் செங்கோட்டையும் திருவிதாங்கூர், புதுச்சேரி பிரெஞ்சு, மணியாச்சி பிரிட்டிஷ் இந்தியா. வேலை ஒரு சட்டத்தின் கீழ், பயிற்சி இன்னொன்றின் கீழ், செயல் மூன்றாவதன் கீழ். ஒவ்வோர் எல்லைக்குள்ளும் அவர் குற்றமற்ற ஒரு துண்டாக மட்டுமே தெரிந்தார். கொல்லம்–செங்கோட்டை மலைப்பாதையில் 1904 முதல் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. புனலூரிலிருந்து திருநெல்வேலி வரை இருப்புப்பாதையிலேயே வந்து சேரலாம்.

மணியாச்சியில்

திருநெல்வேலிக் கிளைப்பாதை தூத்துக்குடி–மதுரைப் பாதையோடு சேரும் சந்திப்பு மணியாச்சி. தனுஷ்கோடி–தலைமன்னார் வழி 1914இல் திறக்கும்வரை கொழும்புக் கப்பல் பயணிகள் தூத்துக்குடியில் இறங்கி இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போனார்கள். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க ஆஷும் மனைவி மேரியும் புறப்பட்டிருந்தனர். தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டிக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தபோது, பத்தே முக்கால் மணிக்குச் சற்று முன்பாக, வாஞ்சி பெட்டிக்குள் ஏறி நெருக்கத்தில் நின்று மார்பில் சுட்டார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடி, வாயில் குழலை வைத்துத் தன்னையும் சுட்டுக்கொண்டார். திருநெல்வேலிக்குத் திரும்பக் கொண்டுபோகும் வழியில் கங்கைகொண்டான் அருகே ஆஷின் உயிர் பிரிந்தது. உடன் வந்த இன்னொருவர் ஒட்டப்பிடாரம் மாடசாமி என்பது நிலைத்துவிட்ட கூற்று. அவர் போலீஸ் கையில் சிக்கவேயில்லை.

அத்தனை நெருக்கத்தில் சுட என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்கலாம். குறி பார்க்கப் பெரிய பயிற்சி வேண்டாம். ஆனால் தானியங்கித் துப்பாக்கியின் பாதுகாப்பு விசையைக் கண்ணால் பார்க்காமல் விடுவிக்கவும், முதல் வெடியில் கை உறைந்துவிடாமல் இருக்கவும், தோட்டா சிக்காமல் ஏற்றி வைக்கவும் பழக்கம் வேண்டும். புரட்சி இயக்கங்களின் வரலாற்றில் வெடிக்காத குண்டுகளும் தவறிய குறிகளும் ஏராளம். மணியாச்சியில் எதுவும் தவறவில்லை என்பதே புதுச்சேரி மாதங்களுக்குச் சாட்சி.

பொருளை விட்டு ஆளைப் பிடித்தல்

விசாரணை துப்பாக்கியிலிருந்து அல்ல, கடிதங்களிலிருந்தே விரிந்தது. ஒட்டப்பிடாரத்து ஆறுமுகம் பிள்ளை அப்ரூவரானார். சதியில் தேடப்பட்ட தர்மராஜ ஐயரும் வெங்கடேசுவர ஐயரும் பிடிபடும் முன் உயிரை மாய்த்துக்கொண்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி அர்னால்ட் ஒயிட், நீதிபதிகள் அய்லிங், சங்கரன் நாயர் அடங்கிய ஆயம் 14 பேரை விசாரித்தது. 1912 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் ஒன்பது பேர் சதிக்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டனர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு. புதுச்சேரியில் இருந்த ஐயரைத் தொட முடியவில்லை. 1920இல்தான் அவர் பிரிட்டிஷ் எல்லைக்குள் திரும்பினார்.

அரசு இதிலிருந்து பாடம் கற்றது. ஹெர்ஸ்டாலில் லட்சக்கணக்கில் உருவாகும் பொருளை ஒவ்வொரு துறைமுகத்திலும் தேடிப் பிடிக்க முடியாது. விடுப்பில் போகும் ஒவ்வோர் ஊழியரையும் பின்தொடரவும் முடியாது. எனவே சந்தேகமே போதும், விசாரணையின்றி அடைக்கலாம் என்ற இடத்துக்குச் சட்டம் நகர்ந்தது. வாஞ்சியின் விடுப்பைப் பதிவு செய்த அதே ரௌலட் கமிட்டியின் பரிந்துரைதான் 1919 மார்ச்சில் ரௌலட் சட்டமாயிற்று. அதை எதிர்த்த கிளர்ச்சியின் நடுவில் ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. பஞ்சாபில் நடந்தவற்றைக் கண்டித்து வைசிராய் நிர்வாகக் குழுவிலிருந்து விலகியவர் சங்கரன் நாயர்; ஆஷ் வழக்கின் மூன்று நீதிபதிகளில் ஒருவர். ஆயுதச் சட்டத்தின் இனப் பாகுபாடு அதற்கடுத்த விதித் திருத்தங்களில்தான் நீங்கியது.

சுதந்திர இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி 1962இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சாதாரணக் குடிமகனுக்கு 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட அளவு; .32 அனுமதிக்கப்பட்டது. இஷாப்பூர் ஆலை பொதுமக்களுக்காகச் செய்யும் ‘அஷானி’ பிஸ்டல், பிரௌனிங் தன் முதல் மாதிரிக்காக உருவாக்கிய அதே 7.65 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான் சுடுகிறது. தருவைகுளத்துக்காரர் ஒருவர் இன்று அதை வாங்க நினைத்தால், 1911இல் போலவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் மனு போக வேண்டும்.

மாறியிருப்பது கேள்வி. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமம் கேட்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று காட்ட வேண்டும் என்கின்றன. யார் நீ என்று மட்டும் கேட்டுவந்த சட்டம், உனக்குக் கையாளத் தெரியுமா என்று கேட்க 1878க்குப் பின் 138 ஆண்டுகள் ஆயின. முதல் கேள்வியை மட்டும் நம்பிய பேரரசு, தன் சந்தேகப் பட்டியலில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டியலில் இல்லாத ஓர் ஊழியருக்கு ஒரு சமஸ்தான அலுவலகம் முறைப்படி விடுப்புக் கொடுத்தது. பயிற்சியைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தால் கொலை நின்றுவிடும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஆபத்து ஆளின் பிறப்பில் இருக்கிறது என்ற பழைய நம்பிக்கையைவிட அது உண்மைக்கு நெருக்கமானது.